செவிலியர்களின் டிஜிட்டல் சுகாதார எழுத்தறிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டில் பணியாற்றும் செவிலியர்கள், செவிலியக் கல்லூரி மாணவர்கள், அவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எந்த மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை அந்தந்த மருத்துவமனையின் கையேடு சொல்லும். திரையில் வருவதைச் செவிலியர் எப்படிப் படிக்க வேண்டும், எங்கே ஐயப்பட வேண்டும் என்பதே இங்கு பேசப்படும் பொருள்.

டிஜிட்டல் சுகாதார எழுத்தறிவு என்பது எதைக் குறிக்கிறது?

உடல்நலம் பற்றிய தகவலை மின்னணு வழிகளில் தேடி எடுக்கவும், எடுத்ததைப் புரிந்துகொள்ளவும், அது நம்பத் தக்கதா என்று எடைபோடவும், பிறகு அதை ஒரு குறிப்பிட்ட நோயாளியின் தேவைக்குப் பொருத்திப் பயன்படுத்தவும் ஒருவருக்கு இருக்கும் திறனை இது குறிக்கிறது. கேமரன் நார்மன், ஹார்வி ஸ்கின்னர் ஆகிய இருவரும் 2006-இல் வகுத்த விளக்கத்தையே இத்துறையில் எழுதுவோர் பெரும்பாலும் அடிப்படையாகக் கொள்கிறார்கள். எழுத்தும் எண்ணும் அறிதல், கணினியைக் கையாளுதல், தகவலைத் தேடிப் பகுத்தல், ஊடகம் சொல்வதை ஆராய்ந்து ஏற்றல், அறிவியலின் போக்கைப் புரிந்திருத்தல், உடல்நலம் பற்றிய அறிவு என்று அவர்கள் இத்திறனை ஆறாகப் பிரித்தார்கள். ஆறில் ஒன்று மட்டுமே கணினி சார்ந்தது என்பதைப் பயிற்சித் திட்டம் வகுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த விளக்கம் பொதுமக்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. செவிலியரைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அவர் தகவலைப் படிப்பவர் மட்டும் அல்லர். அதை உருவாக்குபவரும் அவரே. காலை ஆறு மணிக்கு அவர் பதியும் ரத்த அழுத்தத்தை வைத்துத்தான் மருத்துவர் மருந்தை மாற்றுகிறார், மென்பொருள் அபாய மதிப்பெண்ணைக் கணக்கிடுகிறது, அடுத்த பணிமுறைக்கு வருபவர் நோயாளியைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறார்.

கைப்பேசியைத் திறமையாகக் கையாளும் இளம் செவிலியருக்கும் இதைத் தனியாகக் கற்பிக்க வேண்டுமா?

வேண்டும். விரல் வேகமும் மதிப்பிடும் திறனும் வேறு வேறு. புதிய மென்பொருளை ஒரு நாளில் பழகிவிடும் ஒருவர், தேடலில் முதலில் வந்த பக்கத்தின் மருந்தளவை யார் எழுதினார்கள், எப்போது திருத்தினார்கள் என்று பாராமல் ஏற்றுக்கொள்ளக்கூடும். மாறாக, தட்டச்சுக்குத் திணறும் மூத்த செவிலியர் ஒருவர், திரையில் உள்ள எண்ணுக்கும் படுக்கையில் இருப்பவரின் முகத்துக்கும் பொருத்தமில்லை என்பதை உடனே கண்டுகொள்வார். வயதை வைத்துப் பயிற்சிக் குழுக்களைப் பிரிப்பது பெரும்பாலும் தவறான பிரிவாகவே முடிகிறது. இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பழக்கினால் ஒருவரிடமிருந்து மற்றவர் பெறுவதற்கு நிறைய இருக்கிறது.

மானிட்டர் காட்டும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

அந்த எண் எப்படிப் பிறந்தது என்று தெரிந்த அளவுக்கு நம்பலாம். பல்ஸ் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். அது ஒளியை விரல் வழியாகச் செலுத்தி, ரத்தம் அதை உறிஞ்சும் அளவிலிருந்து ஆக்சிஜன் செறிவைக் கணிக்கிறது. விரல் சில்லிட்டிருந்தால், ரத்த ஓட்டம் குறைந்திருந்தால், நகப்பூச்சு இருந்தால், நோயாளி கையை அசைத்துக்கொண்டே இருந்தால் அந்தக் கணிப்பு பிசகும். கார்பன் மோனாக்சைடு நஞ்சேறியவருக்கு, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் அந்த வாயு இருந்தாலும், வழக்கமான கருவி இயல்பான எண்ணையே காட்டக்கூடும். தோலின் நிறமும் கணக்கில் வருகிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020 டிசம்பரில் வெளியான ஆய்வொன்று, கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய வேளையில், தமனி ரத்தப் பரிசோதனையில் உண்மையான செறிவு 88 சதவீதத்துக்குக் கீழே இருந்த நிலை கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதமாகவும் வெள்ளையின நோயாளிகளிடம் 3.6 சதவீதமாகவும் காணப்பட்டதாகத் தெரிவித்தது. இதை அறிந்த செவிலியர், கருமையான தோலுடைய நோயாளி மூச்சுத்திணறும்போது திரையில் 94 என்று இருப்பதைக் கண்டு அமைதி அடைய மாட்டார்.

அளவீடு சரியாக இருந்தாலும் அதன்மேல் கட்டப்படும் மதிப்பெண் தவறாகப் போகலாம். பிரிட்டனின் ராயல் மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட இரண்டாம் தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில் (மூச்சு, நாடி முதலிய அளவீடுகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டி, நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டும் முறை) ஆக்சிஜன் செறிவுக்கு இரண்டு அளவுகோல்கள் உள்ளன. ஒன்று பெரும்பாலான நோயாளிகளுக்கு உரியது. மற்றது, ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் வகையிலான மூச்சுச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உரியது. 90 சதவீதம் என்ற ஒரே அளவுக்கு முதல் அளவுகோல் 3 மதிப்பெண் தரும். இரண்டாவது சுழியம் தரும். மென்பொருளில் யாரோ ஒருவர் தவறான அளவுகோலைத் தேர்ந்துவிட்டால், கணினி பிழையின்றிக் கூட்டிக் காட்டும் மொத்த மதிப்பெண் அந்த நோயாளிக்குப் பொருந்தாத மதிப்பெண்ணாக இருக்கும். கூட்டலைச் சரிபார்க்கும் வேலை இப்போது செவிலியருக்கு இல்லை. எந்த அளவுகோலில் கூட்டப்பட்டது என்று பார்க்கும் வேலை இருக்கிறது.

இதே இடத்தில் மூச்சு எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் பெரும்பாலும் கருவியிலிருந்து வருகின்றன. மூச்சை மட்டும் பல வார்டுகளில் இன்னும் கண்ணால் பார்த்து எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணாமலேயே 18 அல்லது 20 என்று பதியும் வழக்கம் பரவலாக உண்டு. காகிதத்தில் அது ஒரு தவறான குறிப்பாக நின்றுவிடும். மின்னணுப் பதிவிலோ, நோயாளி மோசமாகப் போகும்போது முதலில் மாறும் அறிகுறிகளுள் ஒன்றே மறைந்துபோக, எச்சரிக்கை மதிப்பெண்ணும் அதோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. டிஜிட்டல் எழுத்தறிவின் முதல் பாடமாக ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பதிவதைக் கற்பிக்கலாம் என்பது எங்கள் கருத்து.

பார்கோடை ஸ்கேன் செய்துவிட்டால் மருந்துப் பிழை வராது அல்லவா?

குறையும், அறவே ஒழியாது. 2010-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்றில், மின்னணு மருந்துப் பதிவோடு பார்கோடு சரிபார்ப்பு நடைமுறையில் இருந்த பிரிவுகளில், நேரம் தவறுதல் நீங்கலான மருந்து கொடுக்கும் பிழைகள் 6.8 சதவீதமாக இருந்தன; அது இல்லாத பிரிவுகளில் 11.5 சதவீதமாக இருந்தன. இது பெரிய முன்னேற்றம். ஆயினும் மீதமிருந்த 6.8 சதவீதத்தையும் கருத வேண்டும்.

2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, செவிலியர்கள் இந்த அமைப்பைச் சுற்றிக்கொண்டு செல்லும் 15 வகைக் குறுக்குவழிகளைப் பட்டியலிட்டது. நோயாளியை அடையாளம் காட்டும் பார்கோடு உள்ள கைப்பட்டையின் நகலை வேறிடத்தில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்வது, பல நோயாளிகளின் மருந்துகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு போவது முதலியவை அவற்றில் அடங்கும். அந்த ஆய்வின் சிறப்பு, காரணங்களையும் தேடியதில் இருக்கிறது: ஈரத்தில் கசங்கிய கைப்பட்டை, படிக்க முடியாத பார்கோடு, பாதியில் தீர்ந்துபோகும் பேட்டரி, அறைக்குள் நுழையாத மருந்து வண்டி என்று 31 காரணங்களை அது எண்ணியது. குறுக்குவழி எடுக்கும் செவிலியரைக் கண்டிப்பதற்கு முன் அந்த வண்டி கதவுக்குள் நுழைகிறதா என்று பார்ப்பது நிர்வாகத்தின் கடமை.

பெயரைத் தட்டினால் மருந்தை எடுக்கத் திறக்கும் தானியங்கி மருந்து அலமாரியிலும் இதே சிக்கல் எழுகிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2017-இன் இறுதியில் நடந்ததை உலகெங்கும் செவிலியர்கள் அறிவார்கள். மயக்கம் தரும் மருந்தைத் தேடிய செவிலியர் அதன் வணிகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை அலமாரியில் தட்டினார். அந்த மருந்து அங்கே பொதுப்பெயரில் இருந்ததால், அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும் தசை முடக்கும் மருந்து வந்தது. எச்சரிக்கைகளைத் தாண்டி அது எடுக்கப்பட்டு நோயாளி உயிரிழந்தார். 2022-இல் அந்தச் செவிலியர் குற்றவாளி என்று தீர்ப்பானது. மருந்தின் பெயரைப் படித்துப் பார்க்காதது தனிமனிதத் தவறு என்பதை மறுக்க இயலாது. இரண்டே எழுத்துகளில் உயிருக்கு ஆபத்தான மருந்தைக் காட்டும் தேடலும், அன்றாட வேலைக்கே எச்சரிக்கையைத் தாண்ட வேண்டியிருந்த பழக்கமும் அமைப்பின் தவறுகள். குறைந்தது ஐந்து எழுத்துகளையாவது தட்டிய பிறகே மருந்தின் பெயர் தோன்ற வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள். உங்கள் அலமாரி எத்தனை எழுத்துகளில் விடை தருகிறது என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

நாள் முழுவதும் அலாரம் ஒலிக்கிறது. எதைக் கவனிப்பது?

செயல் எதையும் கோராத அலாரங்கள் மிகுந்தால், செயலைக் கோரும் அலாரமும் காதில் விழாமல் போகிறது. இதற்குச் செவிலியரின் கவனக்குறைவைக் காரணமாகச் சொல்வது நியாயமாகாது. எந்த மனித மூளையும் அப்படித்தான் இயங்கும். அலாரத்தை நிறுத்திவைப்பது விடையாகாது. அதன் வரம்புகளை அந்த நோயாளிக்கு ஏற்ப, மருத்துவரின் ஒப்புதலோடும் மருத்துவமனையின் விதிப்படியும் மாற்றியமைக்கக் கற்க வேண்டும். ஈசிஜி ஒட்டுகளைத் தோலைச் சுத்தம் செய்து ஒட்டுவதும், காய்ந்தவற்றை உரிய நேரத்தில் மாற்றுவதும் பொய்யான அலாரங்களைக் குறைக்கும். பணி ஒப்படைப்பின்போது வரம்புகள் எந்த அளவில் வைக்கப்பட்டுள்ளன என்பதையும் வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

நேற்றைய குறிப்பை நகலெடுத்து ஒட்டி, தேதியை மட்டும் மாற்றுவது தவறா?

ஆம், தவறு. நோயாளிக்கு நேற்று எடுக்கப்பட்ட சிறுநீர்க் குழாய் இன்றைய குறிப்பிலும் இருப்பதாக நிற்பது இப்படித்தான். நேரமின்மையே இதற்குக் காரணம் என்பது உண்மை. அதற்குத் தீர்வு, ஒரே தகவலை மூன்று இடங்களில் கேட்கும் படிவங்களை நிர்வாகம் சுருக்குவதாகும்.

நோயாளி இணையத்தில் படித்ததைக் கொண்டுவந்து காட்டினால் என்ன செய்வது?

காட்டச் சொல்லிப் படியுங்கள். அவர் தேடியிருக்கிறார் என்பது அவருக்கு அச்சமோ அக்கறையோ இருப்பதன் அடையாளம். அதை ஒதுக்கித் தள்ளினால் அடுத்த முறை அவர் தேடுவதை நிறுத்த மாட்டார். உங்களிடம் காட்டுவதை நிறுத்திவிடுவார். எழுதியவர் யார், எதை விற்கிறார், எந்த ஆண்டில் எழுதப்பட்டது, சிகிச்சையின் நன்மையோடு தீமையையும் சொல்கிறதா, சிகிச்சையே எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்கிறதா என்ற கேள்விகளை நோயாளியோடு சேர்ந்து கேளுங்கள். சிகிச்சை பற்றிய தகவலின் தரத்தை மதிப்பிட 1999 முதல் பயன்பாட்டில் உள்ள டிசர்ன் வினாப்பட்டியலிலும் இத்தகைய கேள்விகள் உள்ளன. மூன்று நிமிடங்களில் முடியும் இந்த உரையாடல், வீட்டுக்குச் சென்ற பிறகும் அவருக்குப் பயன்படும்.

நோயாளிக்கே செயலிகள் பழக்கமில்லை என்றால்?

வீட்டில் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பதியச் சொல்லிச் செயலியைப் பரிந்துரைப்பது எளிது. அதைப் பயன்படுத்த முடியாதவருக்கு வேறு வழி வைக்காமல் விடுவது, ஏற்கெனவே பின்தங்கியிருப்பவரை மேலும் பின்தள்ளுவதாகும். புரிந்ததா என்று கேட்டால் பெரும்பாலோர் தலையசைப்பார்கள். ஆகவே செய்துகாட்டச் சொல்லுங்கள். கருவியின் எண் எந்த அளவைத் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்பதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பார்வை மங்கியவர், கை நடுங்குபவர், படிக்கத் தெரியாதவர் ஆகியோருக்குக் காகிதக் குறிப்பேடும் தொலைபேசி அழைப்புமே சிறந்த கருவிகளாக இருக்கலாம். இந்த முடிவை எடுக்கத் தெரிவதும் டிஜிட்டல் எழுத்தறிவுதான்.

செயற்கை நுண்ணறிவு சொல்வதைக் கேட்டு நடக்கலாமா?

கேட்கலாம், அது எதைக் கற்றது, எங்கே சோதிக்கப்பட்டது என்று தெரியாமல் நடக்கக் கூடாது. செப்சிஸ் (நோய்த்தொற்றால் உடலுறுப்புகள் செயலிழக்கும் ஆபத்தான நிலை) வரப்போவதை முன்னறிவிப்பதாகச் சொல்லி நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் நிறுவப்பட்ட ஒரு கணிப்பு மாதிரியை மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் தாமே சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரை அது தவறவிட்டிருந்தது. அதே வேளையில், மருத்துவமனையில் இருந்தவர்களில் 18 சதவீதத்தினருக்கு அது எச்சரிக்கை எழுப்பியிருந்தது. எச்சரிக்கை வரவில்லை என்பதால் நோயாளி நலமாக இருக்கிறார் என்று முடிவு செய்பவருக்கு இந்தக் கருவி ஆபத்தாகிறது.

2019-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமான பிழையை வெளிக்கொணர்ந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று தேர்ந்தெடுக்கும் ஒரு கணினி முறை, நோயின் கடுமையை நேரடியாக அளக்காமல், சிகிச்சைக்கு ஆன செலவை அதற்கு ஈடாக எடுத்துக்கொண்டது. அதே அளவு நோயுற்ற கறுப்பின நோயாளிகளுக்கு அதுவரை குறைவாகவே செலவிடப்பட்டிருந்ததால், அவர்களுக்குத் தேவையும் குறைவு என்று அது கணித்தது. கணக்கில் பிழை இல்லை. எதைக் கணக்கிட்டது என்பதில்தான் பிழை இருந்தது.

உரையாடல் வகைச் செயலிகளில் ஓர் எச்சரிக்கை கூடுதலாகத் தேவை. இல்லாத ஆய்வுக்கட்டுரையையும் தவறான மருந்தளவையும் சரளமான, உறுதியான நடையில் அவை எழுதித் தரக்கூடும். நோயாளிக்கான விளக்கத் தாளை எளிமையாக்க அவற்றின் உதவியைப் பெறலாம், அதுவும் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்த பிறகு. மருந்தளவைக் கணக்கிடவோ, நோயாளியின் பெயரும் விவரமும் உள்ள குறிப்பை உள்ளிடவோ மருத்துவமனை ஒப்புதல் தராத செயலியைப் பயன்படுத்தக் கூடாது.

புண்ணின் படத்தை வாட்ஸ்அப்பில் மருத்துவருக்கு அனுப்பலாமா? ஒருவர் லாகினில் இன்னொருவர் பதியலாமா?

முதல் கேள்விக்கு விடை மருத்துவமனையின் விதியைப் பொறுத்தது. சொந்தக் கைப்பேசியில் எடுத்த படம் தானாகவே இணையச் சேமிப்பகத்துக்குச் செல்லக்கூடும், குடும்பத்தினர் கண்ணில் படக்கூடும், தவறான குழுவுக்குப் போகக்கூடும். முகத்தை மறைத்துவிட்டால் போதாது; பச்சை குத்தியிருப்பதும் பின்னணியில் தெரியும் படுக்கை எண்ணும் ஆளை அடையாளம் காட்டிவிடும். மருத்துவமனை வழங்கிய பாதுகாப்பான வழி இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு விடை, கூடாது என்பதே. அந்தப் பதிவுக்குப் பொறுப்பு லாகினின் உரிமையாளர்மேல் விழும் என்பது ஒரு காரணம். மருந்தைக் கொடுத்தவர் யார் என்று பின்னர் அறிய முடியாமல் போனால் நோயாளிக்குக் கேடு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கணினி முழுவதும் நின்றுவிட்டால்?

2017 மே மாதம் வானாக்ரை என்னும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையைத் தாக்கியபோது, இங்கிலாந்தில் அச்சேவையின் மருத்துவமனைகள் முதலியவற்றை நடத்தும் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன; ஏறத்தாழ 19,000 சந்திப்புகள் ரத்தாயின என்று மதிப்பிடப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் காகிதமும் பேனாவும் பணியைத் தாங்க வேண்டும். காகித மருந்துப் பட்டியல் எந்த அலமாரியில் இருக்கிறது, ஒவ்வாமை விவரத்தை எங்கிருந்து அறிவது, கணினி மீண்டபின் காகிதத்தில் எழுதியவற்றை யார் உள்ளிடுவது என்பவை முன்கூட்டியே ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். சொட்டு மருந்தின் வேகத்தைக் கையால் கணக்கிடும் பயிற்சியையும் கைவிடக் கூடாது.

ஒருவரிடம் இத்திறன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க முடியுமா?

நார்மனும் ஸ்கின்னரும் உருவாக்கிய இஹீல்ஸ் என்னும் அளவுகோலில் 8 கூற்றுகள் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுவதால் மொத்தம் 8-க்கும் 40-க்கும் இடையில் அமையும். செவிலியர்களிடம் நடத்தப்படும் கணக்கெடுப்புகள் பலவற்றில் இதுவே கையாளப்படுகிறது. ஆனால் இது தன்னைப் பற்றித் தானே சொல்லும் மதிப்பீடு. தன்னம்பிக்கை மிகுந்தவருக்கு மதிப்பெண் கூடும்; அதனால் திறனும் கூடுதல் என்று கொள்ள இயலாது. 2017-இல் வான் டெர் வார்ட், டிராசார்ட் ஆகியோர் வெளியிட்ட கருவி, 21 கேள்விகளோடு, செய்துகாட்ட வேண்டிய வினாக்களையும் சேர்த்தது. தனியுரிமையைக் காத்தல், தானே பதிவிடுதல் ஆகிய திறன்களும் அதில் இடம்பெற்றன. பயிற்சிக்கு முன்னும் பின்னும் வினாத்தாள் மட்டும் கொடுத்து வெற்றி என்று அறிவிப்பதைவிட, வேண்டுமென்றே தவறு வைக்கப்பட்ட ஒரு மின்னணுக் கேஸ் ஷீட்டைக் கொடுத்து, எத்தனை தவறுகளைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பது உண்மைக்கு நெருக்கமானது.

பயிற்சியை எப்போது, எப்படி நடத்துவது?

பணி நேரத்துக்குள் நடத்த வேண்டும். இரவுப் பணி முடித்துக் களைத்தவரை இரண்டு மணி நேரக் காணொளிக்கு உட்காரவைப்பதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. மென்பொருளை விற்ற நிறுவனத்தின் ஆள் எல்லாப் பொத்தான்களையும் ஒரே நாளில் காட்டிவிட்டுப் போவதாலும் பயன் குறைவு. ஒவ்வொரு பணிமுறையிலும் சக செவிலியர்களுக்கு உதவத் தெரிந்த ஒருவர் இருப்பதும், அந்த உதவிக்கான நேரம் அவருடைய பணிச்சுமையில் கணக்கிடப்படுவதும் தேவை. மென்பொருள் வாங்கும் குழுவில், அன்றாடம் படுக்கையருகே நிற்கும் செவிலியர்கள் வாக்குரிமையோடு இடம்பெற வேண்டும். வாங்கி முடித்த பிறகு கருத்துக் கேட்பதால் அலமாரியின் தேடல் பெட்டியோ அறைக்குள் நுழையாத வண்டியோ மாறிவிடாது.

எங்கள் வார்டில் யாரும் இதைத் தொடங்கவில்லை. நான் ஒருவராக என்ன செய்ய முடியும்?

அடுத்த பணி ஒப்படைப்பில், ஏதேனும் ஒரு நோயாளியின் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு படுக்கையருகே நின்று, பதிந்திருப்பதும் கண்ணால் காண்பதும் ஒத்துப்போகின்றனவா என்று இருவராகச் சேர்ந்து பாருங்கள். உடல் எடை கிலோகிராமில் உள்ளதா, ஒவ்வாமைப் பகுதி நிரப்பப்பட்டுள்ளதா, நரம்புவழி மருந்தேற்றும் பம்பில் ஓடும் வேகம் ஆணையில் உள்ள வேகமா, மூச்சு எண்ணிக்கை எண்ணப்பட்டதா என்று நான்கைச் சரிபார்த்தால் போதும். காணும் பிழைகளைப் பெயர் சுட்டாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்து, ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால் அந்தக் குறிப்பேட்டோடு தலைமைச் செவிலியரைப் பார்த்துப் பேசுங்கள்.